மூணு பேர் கை வெச்ச மெஷின்

...நம்ம தெருச் சங்கத் தலைவர் கடிகாரத்தைப் பாக்காரு. பாருங்க தலைவரே, நல்லாப் பாருங்க. அது சுத்துறதுக்குள்ள இவங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்லி இறங்கிருதேன்.

பெருமாள்புரத்துல ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில நான் பதினோரு வருஷம் டீ குடுத்தேன். அங்க சுடலைமுத்துன்னு ஒரு தம்பி. நல்ல வேலைக்காரன். அன்னைக்கு ஆவணி பதினாலு, வெள்ளிக்கிழமை. டீயோட பருப்பு வடை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தென்காசியில நிச்சயதார்த்தம். யாருக்கு? அவனுக்கேதான்! மாப்பிள்ளை இங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கான்.

ஏன்? ஒரு காலேஜுக்கு ஹால் டிக்கெட் அடிக்கிற புரோகிராம். திங்கக்கிழமை பரீட்சை. அந்தப் புரோகிராம் ஓடாம இவன் நகர முடியாது. இப்படியே வேலை வேலைன்னு ரெண்டு தடவை நிச்சயத்தைத் தள்ளியாச்சு. பொண்ணோட அப்பா ஃபோன்ல சொல்லிட்டாரு... "இந்தத் தடவையும் வரலைன்னா, மாப்பிள்ளை அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கிடட்டும்."

ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சாத்தான் உண்டு.

என்ன கோளாறு? அந்தப் புரோகிராமைப் பைத்தான்ங்கிற மொழியில எழுதியிருக்காங்க. அதோட சேந்து ஓட இன்னொரு துண்டு வேணுமாம், மாட்யூல்னு பேரு. அதை, புரோகிராம் ஓடப்போற மெஷின்லயே வெச்சுக் கட்டி எடுக்கணும். கட்டப் போனா... திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. எரர்! நம்ம தம்பி என்ன செய்வான்? நாப்பது வரி வந்தா கடைசி வரியை மட்டும் பாப்பான். அதைத் தூக்கி இன்டர்நெட்ல போடுவான். எந்த ஊர்லயோ எவனோ ஒருத்தன் 'இதைச் செய்யி'ன்னு எழுதி வெச்சிருப்பான். செஞ்சிருவான். மேல முப்பத்தொம்பது வரி இருக்கே... அது யாருக்காம்?

ஒருவழியா மாட்யூலைக் கட்டிட்டான். ஓட விட்டான். பொசுக்குன்னு விழுந்துட்டு. க்ராஷ்! திரும்பக் கட்டினான். இப்போ கட்டவே மாட்டேங்கு. எரர் வருது... காலைல வந்த எரர் இல்லை, இது புதுசு! அதைச் சரி பண்ணினான். மறுபடி க்ராஷ்.

இதுல வேடிக்கை கேளுங்க. தம்பி தனியா இல்லை. வலது பக்கம் ஷாகுல், இடது பக்கம் பெனினா. ரெண்டு பேருக்கும் பஸ் விஷயம் தெரியும். ஒத்தாசை பண்ணணும்னு ஆசை. தங்கமான பிள்ளைக. அந்த மெஷின் இருக்கிறது மூலை ரூம்ல, ஆனா அவங்கவங்க சீட்ல இருந்துக்கிட்டே மூணு பேரும் அதுக்குள்ள போகலாம். போயிட்டாங்க! ஆனா மூணு பேர் காதுலயும் ஹெட்ஃபோன். கை நீட்டினாத் தொடுற தூரம்... வாயைத் திறக்கணுமே? ம்ஹூம்.

மணி ஒண்ணரை. பொண்ணே ஃபோன் பண்ணுது. ஆவுடைச்செல்வி, தென்காசியில நர்ஸு. இவன் ஹெட்ஃபோனைக் கழுத்துல இறக்கிட்டு, கை ஓயாததால ஸ்பீக்கர்ல போட்டான்.

"கிளம்பிட்டீங்களா?"

"இந்தா ஆவுடை... பத்து நிமிஷம்."

"வைகாசியிலயும் இதே பத்து நிமிஷம்தான்."

"இல்லம்மா, இது ஒரு தினுசா இருக்கு. ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு வருது. ஒரு தடவை வந்தது மறு தடவை வரமாட்டேங்கு."

அந்தப் பிள்ளை கேட்டுது பாருங்க ஒரு கேள்வி...

"அந்த மெஷினுக்கு வேற யாரும் வைத்தியம் பாக்காங்களா?"

"சேச்சே, நான் மட்டும்தான்."

"கேட்டீங்களா?"

தம்பி ரெண்டு பக்கமும் திரும்பிப் பாக்கான்.

"எங்க வார்டுல ஒரு ஆளுக்குக் காலைல ஒண்ணும் மத்தியானம் ஒண்ணுமாப் பண்ணுச்சுன்னா, நோயை அப்புறம் பாப்போம். யாரு யாரு என்ன மருந்து குடுத்தாங்கன்னு முதல்ல கேப்போம். கேளுங்க. இங்க எங்கப்பா புதுவேட்டி கட்டியாச்சு."

வெச்சிட்டுது. தம்பி ரெண்டு பேர் ஹெட்ஃபோனையும் பிடிச்சு இழுத்துட்டு ஷாகுல்கிட்டக் கேட்டான்.

"ஏலே, அந்த மெஷின்ல நீ ஏதும் பண்ணினியா?"

"ஆமா மாப்ள. பழைய வெர்ஷன் பைத்தான் கிடந்துச்சு. புதுசு போட்டு விட்டேன். சொல்லாமச் செய்வோமேன்னு..."

அந்தப் பக்கம் பெனினா எந்திரிச்சிட்டா. "அட கிறுக்கா, அது நீதானா? எவனோ தெரியாமப் புதுசைப் போட்டுட்டான்னு நான் பழசை வெச்சேன். ஒரு தடவையா? மூணு தடவை!"

"நீ எடுக்க எடுக்கத்தானே நான் போட்டேன்!"

புரியுதா? தம்பி புதுசுக்கு அளவெடுத்து மாட்யூலைக் கட்டுவான். ஓட விடுற நேரம் அடியில பழசு வந்து உக்காந்திருக்கும். எப்படி ஓடும்?

பழசே இருக்கட்டும்னு பேசி முடிச்சாங்க. ஷாகுலும் பெனினாவும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தாங்க. தம்பி அந்தச் சிவப்பு எழுத்தை முதல் வரியில இருந்து படிச்சு, ஒரே தடவை கட்டினான். ஓடிருச்சு! ஷாகுல் அவனைப் பைக்ல ஏத்திக்கிட்டுப் போயி, ஸ்டாண்டை விட்டு வெளிய வந்த பஸ்ஸை மறிச்சு உள்ள தள்ளினான். சாயங்காலம் தட்டு மாத்தியாச்சு.

இதை எதுக்குச் சொல்லுதேன்? அந்த மூணு பேர்ல கெட்டவங்க யாரு? யாரும் இல்லை. வேலை தெரியாதவங்க யாரு? அதுவும் யாரும் இல்லை. அந்த மெஷினைப் படுத்தி எடுத்தது ஒத்தாசை ஐயா! ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமச் செஞ்ச ஒத்தாசை.

நம்ம தெருச் சாக்கடை ஏன் ஆறு மாசமா அப்படியே கிடக்கு? மாநகராட்சி இன்ஜினியர் மேசையில மூணு மனு இருக்கு. ஒண்ணு, கிழக்கே வெட்டச் சொல்லுது. ஒண்ணு, மேற்கே. இன்னொண்ணு, நடுத்தெருவுல. அவரு மூணையும் படிச்சாரு, ஃபைலை மூடிட்டாரு. போட்டவங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம். நல்லதுக்குத்தான் போட்டிருக்கோம். யாரு யாருன்னு இப்பவே சொல்லிட்டா, நாளைக்கு ஒரே மனுவாக் கொண்டு போயிரலாம்.

என்ன... ஒரு கையும் மேல வரலை? தலைவரே, நீங்க ஏன் தரையைப் பாக்கீங்க?

சரி, நானே ஆரம்பிச்சு வைக்கேன். அந்த நடுத்தெரு மனு... தபால் ஆபீஸ் வாசல்ல ஒருத்தரை விட்டு எழுதச் சொன்னது நான். அதுல இருக்கிற கைநாட்டு என்னுது.