முதலில் முகத்தைத் திறவுங்கள்

குதிரைமேல் ஈட்டியோடு மோதும் நாளைய போட்டிக்குத் தலைமை ஏற்கும் நடுவர் பெருமகனார் அவர்களே! இரும்பை இழைத்துத் தலைக்கவசம் வடிக்கும் கொல்லர் பெருமக்களே! பெக்னிட்ஸ் ஆற்றங்கரையின் பெரியோர்களே! பிள்ளைகளைக் குதிரையேற்றிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்மார்களே! வணக்கம்.

தவளை வாய்போல் ஒரே ஒரு பிளவு உள்ள தலைக்கவசம், அந்தத் தவளைவாய்க் கவசத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரியுங்கள், பின்வரிசை நண்பர்களே, நானும் சிரித்தவன்தான். பிளவு கண்ணுக்கு மேலே இருப்பதால், உடம்போடு குனிந்தால்தான் வழி தெரியும். மோதும் நொடியில் நிமிர்ந்தால் எதுவும் தெரியாது. கண்ணுக்குள் ஈட்டியும் புகாது. மார்புக் கவசத்தோடு திருகி முடுக்குவதால் தலை சாயாது. கண்ணைக் காத்தது, கழுத்தைக் காத்தது. என் தங்கை குனிகுண்டின் கணவன் எக்பெர்ட்டைக் காத்ததா?

சென்ற ஆண்டு, நோன்புக்கு முந்தைய செவ்வாய். எக்பெர்ட்டும் அவன் உயிர்த்தோழன் லாம்பெர்ட்டும் மோதினார்கள். லாம்பெர்ட் மண்ணில் விழுந்தான். எக்பெர்ட் சேணத்தில் நிமிர்ந்திருந்தான். எக்காளம் முழங்கியது, ஊரே முழங்கியது!

விழுந்தவனுக்கு உடனே கவசத்தின் திருகைக் கழற்றி முகம் திறப்போம். வென்றவனைக் கவசத்தோடு திடல் சுற்ற வைப்போம். அதுதானே நம் வழக்கம்? முகம் திறந்த லாம்பெர்ட் மண்ணில் உட்கார்ந்தபடியே கேலி பேசினான்.

"போதும்டா பந்தா. கீழ இறங்கு, பீர் வாங்கித் தரேன்."

பணியாள் குதிரையைப் பிடித்து நடத்தினான். பெண்கள் பூ வீசினார்கள். எங்கள் மேடையைக் குதிரை கடந்தபோது, தங்கை என் கையைப் பற்றினாள்.

"அண்ணே, அவரு குனியவே இல்லையே. குனிஞ்சாத்தானே நான் தெரிவேன்? திருகக் கழட்டச் சொல்லுங்க."

வென்றவனுக்குக் கொஞ்சம் மிடுக்கு இருக்காதா என்று பக்கத்திலிருந்தவர்கள் அவளைத் தேற்றினார்கள். அவள் வேலியைத் தாண்டி ஓடினாள். திருகு கழன்றது. உள்ளே, மூக்கிலும் வாயிலும் பெருகிய குருதியில் மூச்சு முட்டி எக்பெர்ட் இறந்திருந்தான். உடனே திறந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் மருத்துவர்.

தோழர்களே! சாய வேண்டிய தலையைக் கவசம் சாயவிடவில்லை. விழ வேண்டிய உடலைச் சேணம் விழவிடவில்லை. செத்துக்கொண்டிருந்தவனுக்கா பூ வீசினோம்? சொல்ல நா கூசுகிறது, ஐயா.

அந்தக் கவசத்தை அவன் கல்லறைமேல் மாட்டப் போகிறீர்களாம். குனிகுண்டுக்கு அந்தப் பெருமை வேண்டாம். நாளை முதல், விழுந்தவனுக்கும் வென்றவனுக்கும் ஒரே நேரத்தில் முகம் திறக்க வேண்டும். அதற்குப் பிறகே எக்காளம். அவள் கேட்பது இவ்வளவுதான்.

என்ன சொல்கிறீர்கள் அங்கே? ஆட்டம் தாமதமாகுமா? ஆகட்டுமே! பீர் ஆறிப்போகாது. வெற்றி கெட்டுப்போகாது. மூச்சுதான் காத்திருக்காது!

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி. நாளை களம் இறங்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் இரவு அவரவர் வீட்டில் சாப்பிட உட்காரட்டும். வணக்கம்.