உருட்டு

இல்ல சார், நீங்க கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. சத்தம் என் வீட்டுலேர்ந்துதான் வருது. உங்க தலைக்கு மேல வேற யாரு இருக்கா, நான் ஒருத்தன்தானே. உள்ள வாங்க. செருப்பு இருக்கட்டும், பரவாயில்ல. நீங்க தமிழ்னு தெரிஞ்சதும் எனக்குப் பாதி பயம் போயிடுச்சு. இந்த ஊர் பாஷையில திட்டு வாங்கினா வெறுமனே தலையாட்டிட்டு நிக்கணும், எதுக்குத் திட்டறாங்கன்னே புரியாது.

அந்த நாற்காலியில உக்காருங்க. வீட்ல இருக்கறதே அது ஒண்ணுதான். நான் பெட்டி மேல உக்காந்துக்கறேன், பழக்கம்தான். ஆமா, இதே பெட்டிதான். விடியக்காலையில நீங்க கேக்கற தடதட இதோடதுதான். ஒரு சக்கரத்துல ரப்பர் பிஞ்சு போச்சு, அதான் இவ்வளவு சத்தம். கையில என்ன சார் அது? விரிப்பா? எனக்கா? அட, சண்டைக்கு வர்றவரு விரிப்போடவா வருவாரு. ஓரமா வைங்க, அப்புறம் பாத்துக்கலாம்.

ஏன் உருட்டறேனா? சும்மா, அங்கேருந்து எடுத்து இங்க வைப்பேன். சாமான் கம்மி பாருங்க, இருக்கறதத்தானே மாத்தி மாத்தி வைக்கணும்.

என் வேலையா? பாட்டிலுக்கு மூடி போடற மெஷின் சார். கம்பெனி வித்துடும். நான் போய் அந்த ஃபேக்டரியில பூட்டி, ஓட விட்டு, மூடி கோணாம விழுதான்னு பாத்துட்டு வரணும். தண்ணி பாட்டில், ஜூஸ், இருமல் மருந்து, எல்லாத்துக்கும். எப்பவாவது மூடியத் திறக்க முடியாம நீங்க யாரையாவது திட்டியிருந்தீங்கன்னா அது என்னையத்தான் இருக்கும்.

ஒரு மாசம் மட்டும் டூரு, அப்புறம் ஆபீஸ்ல சீட்டு, குடும்பத்தக் கூட்டிட்டு வந்து செட்டில் ஆயிடலாம்னு சொல்லித்தான் என்னை இந்த நாட்டுக்கே கூட்டிட்டு வந்தாங்க. அந்த ஒரு மாசம் ஒரு வருஷம் ஆச்சு. திங்கக்கிழமை ஒரு ஊரு, வியாழக்கிழமை வேற ஊரு. இப்பல்லாம் பசங்க சொல்றாங்கல்ல, யாராவது கூசாம பொய் அடிச்சு விட்டா, உருட்டறான்னு? என் பொண்ணு அந்த வார்த்தைய ஸ்கூல்லேர்ந்து புடிச்சிட்டு வந்துட்டா. உங்க மேனேஜர் நல்லா உருட்டறாருப்பான்னு சொன்னா. மூணாவதுதான் படிக்கறா. எனக்கு விளங்கறதுக்கு ஒரு வருஷம் ஆச்சு, அவளுக்கு ஒரே போன்ல விளங்கிடுச்சு.

இப்ப டூரெல்லாம் கிடையாது சார். ஆபீஸ்ல சீட்டு குடுத்துட்டாங்க. வேற யாராவது போய் மெஷின் பூட்டுவான், சிக்கல்னா எனக்குப் போன் பண்ணுவான். இந்த வீடு எடுத்து நாலஞ்சு மாசம் ஆச்சு. அப்பவும் பாருங்க, உள்ள வந்ததும் ஹோட்டல் ரூம்னு நெனச்சு கை தானா கதவுக்குப் பக்கத்துல கார்டு சொருகற ஓட்டையத் தேடுது, அப்பத்தானே லைட் எரியும். முதல் வாரம் குளிச்சிட்டு டவலத் தரையிலயே போட்டுட்டு ஆபீஸ் போயிட்டேன். சாயங்காலம் வந்து பாக்கறேன், அப்படியே சுருண்டு கிடக்கு. ஒரு நிமிஷம் நெஜமாவே கோவம் வந்துச்சு சார், ரூம் சுத்தம் பண்ணவன் எங்க போனான்னு. அப்புறம் நானே சிரிச்சுக்கிட்டேன். சிரிச்சு முடிச்சதும் வீடு ரொம்ப அமைதியாயிடுச்சு.

ரெண்டு பெட்ரூம் எதுக்குன்னு நீங்க பாக்கறது தெரியுது. வீட்டுக்காரியும் பொண்ணும் வர்றதுக்காக எடுத்ததுதான். அது பொண்ணு ரூமு. கதவத் திறக்கறதில்ல.

சாவி கைக்கு வந்த அன்னிக்கு உள்ள வந்து முதல் போன் வீட்டுக்காரிக்குத்தான் போட்டேன். என்ன சொல்லணும்னு படியேறும்போதே யோசிச்சு வச்சிருந்தேன். ஆனா வாயில வந்தது வேற. ரூமுக்கு வந்துட்டேன்னு சொல்லிட்டேன். ஒரு வருஷமா ராத்திரி ராத்திரி சொன்ன வார்த்தை சார், நாக்குல ஒட்டிக்கிச்சு. அதுக்கு அவ சொன்னா, நீங்க ரூம்லயே இருங்க, நாங்க வீட்லயே இருந்துக்கறோம்னு. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அடுப்புல பால் இருக்கு, வைக்கறேன்னு சொல்ற மாதிரி சொன்னா.

ஒரு வார்த்தைக்கா இவ்வளவுன்னு நானும் கேட்டேன். ஒரு வார்த்தைக்கு இல்லன்னுட்டா. பொண்ணோட காய்ச்சல், ஸ்கூல், குழாயில தண்ணி வராதது, எல்லாத்தையும் ஒத்தையாப் பாத்துப் பழகியாச்சு, நீங்க ரெண்டு நாள் லீவுல வந்து அந்தப் பழக்கத்தக் கெடுத்துட்டுக் கெடுத்துட்டுப் போறீங்க, இனிமே வேண்டாம்னா. அதுக்கப்புறம் எத்தனையோ தடவை பேசிப் பாத்துட்டேன். அவ மனசு மாறல. மாறாது சார், எனக்குத் தெரியும் அவள.

அய்யோ, நீங்க எதுக்கு எழுந்திருக்கறீங்க, நான் எதையோ பேசிட்டேன். உக்காருங்க. இல்ல சார், விரிப்பு வேண்டாம். நல்ல விரிப்புதான், ஆனா எடுத்துட்டுப் போயிடுங்க. அதப் போட்டா சத்தம் வராது. சத்தம்தான் சார் எனக்கு வேணும்.

பொண்ணுக்கு இன்னும் சொல்லல. வருஷப் பரீட்சை முடியட்டும், நானே பக்குவமா சொல்லிக்கறேன், அதுவரைக்கும் நீங்க டூர்லயே இருங்கன்னு வீட்டுக்காரி சொல்லிட்டா. அப்பா ஏன் நம்மளக் கூப்பிடலன்னு அவ கேக்கக் கூடாதுல்ல. முன்னாடி ஏர்போர்ட்லேர்ந்து பேசும்போது பெட்டிய உருட்டுங்கப்பா, கேக்கணும்னு சொல்லுவா. அந்தத் தடதடயக் கேட்டா அப்படி ஒரு சிரிப்பு சிரிப்பா. இங்க விடியற நேரம் அங்க அவ ஸ்கூலுக்குக் கிளம்பற நேரம். அதான் போனக் கையில புடிச்சிக்கிட்டு ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் உருட்டறேன். இன்னிக்கு எந்த ஊருப்பாம்பா. மலை இருக்கற ஊரு, கப்பல் வர்ற ஊருன்னு வாய்க்கு வந்தத அடிச்சு விடுவேன்.

நேத்தும் உருட்டினேன். நீங்ககூடக் கேட்டிருப்பீங்க. அவ சிரிக்கல. போதும்ப்பா, உருட்டாதீங்கன்னா. சொல்லிட்டு அம்மாகிட்ட போனக் குடுத்துட்டா. எந்த உருட்டச் சொன்னான்னு ராத்திரி பூரா யோசிச்சிட்டேன் சார். பெட்டியச் சொன்னாளா, என்னையச் சொன்னாளா. அவங்க அம்மாகிட்ட கேக்கவும் பயமா இருக்கு.

இன்னிக்கும் உருட்டினேன். நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னு சொல்லணுமே.

பரீட்சை அடுத்த வாரம் முடிஞ்சிடும். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க உங்க வீட்ல. அதுக்கப்புறம் இங்கேருந்து ஒரு சத்தமும் வராது.