உதட்டசைவோடு பொருந்தாத ஒரு வரி

முகம் காட்டாமலே ஊரை அழவைத்தவரே! வாயசைத்தவர்கள் பேர்வாங்க, இருட்டறையில் தொண்டை நோகப் பேசியவரே! குரலாலேயே ஆயிரம் குடும்பம் நடத்திய எங்கள் டப்பிங் அக்காவே! பணி நிறைவு பெறும் தங்களைக் கனத்த நெஞ்சோடு வணங்குகிறோம்.

போர்ப்படமென்றால் பீரங்கி முழக்கத்துக்கும் வீர வசனத்துக்கும் பஞ்சமேயில்லை. ஆனால், "ஈரத்துண்டக் கட்டில்ல போடாதேன்னு எத்தன தடவ சொல்றது" என்று தங்கள் குரல் அதட்டும்போதுதான், அந்தச் சிப்பாயும் ஒரு வீட்டுப்பிள்ளை என்பது பார்ப்பவருக்கு உறைக்கும். குடிக்க வைத்த வெந்நீர் ஆறிப்போனால் எங்களுக்கும் அதே அதட்டல்தான். அதற்குப் பயப்படாதவர் இங்கே ஒருவருமில்லை.

தங்கள் ஒரே மகனும் சிப்பாய். முகாமில் படம் போட்டால், திரையில் எந்த நடிகை வாயசைத்தாலும், "எங்கம்மா கூப்பிடுறாங்கடா" என்று எழுந்து நிற்பானாம். விடுப்பில் வந்தபோது அவனே சொல்லிச் சிரித்தான். அடுத்த விடுப்புக்கு அவன் வரவில்லை. அவன் இறந்த செய்திதான் வந்தது.

காரியங்கள் முடிந்து தாங்கள் திரும்பியபோது, அழுகைக் காட்சிகளை எப்படித் தருவதென்று கைபிசைந்து நின்றோம். தாங்களோ மகனை இழந்த தாய்மார்களுக்கெல்லாம் தடுமாறாமல் அழுதீர்கள். தாங்காமல் போனது ஒன்றுதான். "எழுந்திரு கண்ணு, விடிஞ்சிருச்சு" என்ற சாதாரண வசனம் வந்தால், தாளை மடித்து வைத்துவிட்டு வேறொருவரை அழைக்கச் சொல்வீர்கள். அது படத்தில் நடப்பதல்ல, தங்கள் வீட்டில் நடந்தது. நாங்களும் ஏனென்று கேட்டதில்லை.

போன வாரம், தங்கள் கடைசிப் படத்தில், விடுப்பில் வந்த சிப்பாயைத் தாய் எழுப்பும் காட்சி வந்தது. மாற்று ஆளுக்குச் சொல்லியனுப்பப்போன இயக்குநரைத் தடுத்தீர்கள். "இதப் பேசாமப் போனா வீட்ல எனக்கு நிம்மதி இருக்காது. நானே பேசுறேன்" என்றீர்கள். விளக்கணைந்தது. திரையில் நடிகையின் உதடு 'எழுந்திரு' என்றது. தங்கள் குரலோ, "தூங்கு கண்ணு. உன்ன யாரும் எழுப்பல" என்றது.

தங்கள் பணிக்காலம் முழுவதிலும் உதட்டசைவு தவறிய முதல் வரி அதுதான். "இன்னொரு தடவ எடுக்கணுமா?" என்று கேட்டீர்கள். இயக்குநர் எழுந்துவந்து, வேண்டாமென்று தலையசைத்தார். மறுநாள் நடிகையின் முகத்தை நீக்கிவிட்டு, தூங்கும் பிள்ளையின் முகத்தை அங்கே வைத்தார். குரல் அப்படியே இருக்கிறது.

அக்கா, படம் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. களைத்து வந்த பிள்ளையை ஒரு தாய் இன்னும் கொஞ்சம் தூங்கவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள். அவர்கள் அப்படியே நினைக்கட்டும். தங்கள் உடலில் வலுவும் மனத்தில் அமைதியும் குறையாதிருக்க வேண்டுகிறோம். பேசத் தோன்றும்போதெல்லாம் வாருங்கள், அவனைப் பற்றிச் சொல்லுங்கள். மைக்கை அணைத்துவிட்டு நாங்கள் உட்கார்ந்து கேட்கிறோம்.

அன்போடு,
ஒலிப்பதிவுக் கூடத்துப் பணியாளர்கள்