பூங்கா பெஞ்சை அலுவலகத்துக்கு ஏற்றிச் சென்றது குறித்து

என் பெயரும் வயதும் இந்த வாக்குமூலத்தின் மேலே எழுதியாயிற்று. தொழில், சொந்தச் சரக்கு வண்டி ஓட்டுவது. தெருவில் எல்லோருக்கும் நான் வண்டிக்கார அக்கா. முகவரி, மேற்குத் தெரு ஏழாம் எண் வீடு. நகரத் திட்ட வரைபடத்தின்படி அது பூங்கா. இரண்டையும் எழுதும்படி நானே கேட்டுக்கொண்டேன்.

என் மீது இரண்டு புகார்கள். எங்கள் தெரு முனைப் பூங்காவின் இரும்பு பெஞ்சைக் கழற்றி எடுத்தேன் என்பது ஒன்று, அது உண்மை. திட்ட அதிகாரியைப் பிடித்துத் தள்ளினேன் என்பது மற்றொன்று. அது வடிகட்டிய பொய்.

இந்த நகரத்துக்குத் திட்டம் போட்டபோது வரைவு வரைபடத்தை நகர மன்றக் கூடத்தில் மாட்டினார்கள். எது குடியிருப்பு, எது கடைவீதி, எது பூங்கா என்று நிறம் நிறமாய் இருந்தது. தெருவே திரண்டு போய்ப் பார்த்தோம். எங்கள் வீடுகள் மஞ்சள், அதாவது குடியிருப்பு, முனையில் பச்சை. யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மன்றம் நிறைவேற்றியது, பூங்காவும் வந்தது. அதன் பிறகு ஒரு கட்டுமான நிறுவனம் அந்த முனையை வணிகப் பகுதியாக மாற்றித் தரும்படி விண்ணப்பித்தது. ஊரில் பூங்காக்களின் மொத்தப் பரப்பு குறையக்கூடாது என்று விதி இருக்கிறதாம். விதியை மீறாத நல்ல பிள்ளைகளாக, முனையில் அழித்த பச்சையை அதே அளவுக்கு எங்கள் வரிசை வீடுகள் மேல் பூசிவிட்டார்கள். உள்ளே ஆள் குடியிருக்கிறதே என்று ஒருவருக்கும் கை கூசவில்லை. ஆட்சேபம் கேட்கும் அறிவிப்பைப் பூங்காவுக்குள் இருந்த பலகையில் ஒட்டினார்கள். அதற்கு முன்பே பராமரிப்பு வேலை என்று சொல்லி வாயிலைப் பூட்டியிருந்தார்கள். கெடு முடிந்ததும், ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று மன்றம் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. என் கணவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. எங்கள் வீட்டில் கழிப்பறை மாடியில்தான். நானும் பக்கத்து வீட்டுத் தையல்காரரும் அவரை நாற்காலியோடு தூக்கி ஏற்றி இறக்குகிறோம். படியேறும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். கீழே ஒரு சின்னக் கழிப்பறை கட்ட அனுமதி கேட்டேன். மறுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்க இன்று காலை நகரத் திட்ட அலுவலகத்துக்குப் போனபோதுதான் அதிகாரி புது வரைபடத்தைக் காட்டினார்.

"பூங்கால வீட்டு வேலைக்கெல்லாம் அனுமதி தர முடியாதும்மா. பொதுக் கழிப்பறைன்னா பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு எழுத்தரைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்ப முனையில இருக்கே, அது என்ன?" என்றேன்.

"அது இப்ப பூங்கா இல்ல. உங்க இடத்துக்கு மாத்தியாச்சு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேராக முனைக்குப் போனேன். வேலியை அதற்குள் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். ஸ்பானரால் பெஞ்சைக் கழற்றினேன். கட்டட வேலையாட்கள் இருவர் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்; பூங்காவை இடம் மாற்றுகிறோம் என்று நான் சொன்னதை நம்பிய அவர்களை வழக்கில் சேர்க்க வேண்டாம். அதன் பிறகு மறுபடியும் திட்ட அலுவலகத்துக்குப் போனேன். வாசல் காவலாளி, "என்னக்கா இது?" என்றார். "பூங்கா," என்றேன். அவரும் ஒரு பக்கம் பிடித்தார். அதிகாரியின் மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

"மாத்தினப்ப இத விட்டுட்டீங்க. எங்க வீட்டுக்குள்ள எங்க போடணும்னு வரைபடத்துல காட்டுங்க," என்றேன். வெளியே ஓடப் பார்த்தவர் பெஞ்சின் காலில் தடுக்கி விழுந்தார். நான் தொடவில்லை. தொட்டிருந்தால் மறைக்காமல் சொல்லியிருப்பேன்.

செய்ததற்கு வருத்தமா என்று கேட்டார்கள். இல்லை. கடை கட்ட ஒரு நிறுவனம் கேட்டதும் திருத்த முடிந்த வரைபடம், நடக்க முடியாத மனிதனுக்காக மட்டும் கல்வெட்டாகிவிடுமா?

காலையில் அங்கிருந்து கூட்டி வந்ததிலிருந்து நான் இந்தக் காவல் நிலையத்தில்தான் இருக்கிறேன். தையல்காரர் ஒருவரால் என் கணவரைத் தூக்க முடியாது. இதையும் எழுதச் சொன்னேன். வழக்குக்குச் சம்பந்தம் இல்லை என்றார் பதிவு செய்யும் அதிகாரி. வழக்கே இதுதான் என்றேன். எழுதினார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். 'தள்ளினேன்' என்று இருந்த இடத்தை அடிக்கச் செய்தேன். மற்றதெல்லாம் நான் என் வாயால் சொன்னது, நடந்தது நடந்தபடி.

(கையொப்பம்)