கடைசிச் சக்கரத்துக் காற்று

காபியில் சர்க்கரை போடாமல் கொடுத்ததற்கு நன்றி, ஐயா. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இனிப்பு ஒத்துக்கொள்வதில்லை.

நானும் வெள்ளத்துரையும் அருப்புக்கோட்டையில் ஒரே பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தோம். நான் தமிழாசிரியர், அவன் உடற்பயிற்சி ஆசிரியர். சென்ற ஆண்டு, 1992 மே மாதம், ஒரே நாளில் ஓய்வு பெற்றோம். பழைய மாணவர்கள் விழா எடுத்தார்கள். எனக்கு ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். அவனுக்கு ஒரு கார்.

பழைய மோரிஸ்தான். காரியாபட்டியில் துருப்பிடித்துக் கிடந்ததை எங்கள் மாணவன் காளீஸ்வரன் சீர்செய்து கொண்டுவந்தான். அவன் இப்போது மெக்கானிக். விழாவில் வெள்ளத்துரையின் விசிலைப் பற்றி எட்டுப் பேர் பேசினார்கள். என் கதைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். மதிப்பெண் கூட்டியதில் பிழை இருந்தால் திருத்துவது ஆசிரியர் கடமை.

வகுப்பில் நான் ஒரு கதை சொல்வதுண்டு. ஒரு கிணறு, அதற்கு ஒரு வாளி. தண்ணீர் குடித்தவர்கள் எல்லாரும் வாளியைத் துலக்கிப் பொட்டு வைத்தார்கள். கிணறு ஒன்றும் சொல்லாமல் சுரந்துகொண்டே இருந்தது. அதன் பொறுமையைப் பாருங்கள் என்று முடிப்பேன்.

இந்த ஆண்டு ஆவணியில் திருச்சுழியில் ஒரு மாணவனின் கல்யாணம். நானும் வெள்ளத்துரையும் அவன் மனைவியும் காரில் போவதாக ஏற்பாடு. வெள்ளத்துரைக்கு முழங்கால் வலி என்பதால், பிரேக் மிதிக்கும் காலுக்குத் துணைவலு தரும் சர்வோ ஒன்றைக் காளீஸ்வரன் மதுரையிலிருந்து வாங்கிவந்து அன்று காலைதான் பொருத்தி முடித்தான். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். பெடலில் நான் உட்கார்ந்தேன்.

"எஞ்சின ஆஃப் பண்ணிருக்கேன் சார். சர்வோவுல இருக்கிறது தீர மொதல்ல நாலஞ்சு மிதி மிதிச்சிருங்க. பெறகு நான் 'விடுங்க'ன்னு சொல்ற வரைக்கும் காலை எடுத்துறாதீக. எடுத்தீகன்னா காத்து உள்ள போயிரும், பிரேக் பிடிக்காது."

அவன் சக்கரத்தருகே படுத்து "பிடிங்க" என்பான். நான் மிதித்து, "பிடித்திருக்கிறேன்" என்பேன். அவன் திருகைத் திறந்து, குமிழியோடு எண்ணெய் வந்ததும் மூடி, "விடுங்க" என்பான். மூன்று சக்கரங்கள் ஒழுங்காக முடிந்தன.

நான்காவதில், அவன் மூடுவதற்குச் சற்று முன்னால் காலை எடுத்தேன். மூன்று முறை. வாயால் மட்டும் "பிடித்திருக்கிறேன்" என்றேன். அவன் ஏழாம் வகுப்பிலிருந்தே என் சொல்லைச் சந்தேகித்ததில்லை.

"பெடல் எப்படி சார் இருக்கு?"

"கல் போல இருக்கிறது."

ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்றான். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது, நான்தான் மிதித்துப் பார்த்தேனே என்றேன். சரி என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

வெள்ளத்துரை பட்டு வேட்டியோடு வந்து எஞ்சினைக் கிளப்பிப் பெடலை மிதித்தான். "என்னடா காளி, அமுங்குது?"

"சர்வோ போட்ட வண்டி சார். எஞ்சின் ஓடுறப்ப கொஞ்சம் எறங்கத்தான் செய்யும்."

வெள்ளத்துரை என்னைப் பார்த்தான். அப்படித்தான் இருக்கும் என்று தலையசைத்தேன்.

"ஏலே அருஞ்சுனை, ஏறுலே. முன்சீட்டு ஒனக்குத்தான்."

வயிறு சரியில்லை என்றேன்.

"கல்யாணச் சாப்பாட்டுக்கு முந்தியேவா?" என்று சிரித்தான். அவன் மனைவி ஜெகதீஸ்வரி உள்ளே போய், "வெறும் வயித்தோட இருக்காதீக அண்ணே" என்று எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, அவர் ஏறுவதற்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டேன். சேலைத் தலைப்பு சிக்காமல் பார்த்துத்தான் சாத்தினேன்.

திருச்சுழி சாலையில் பஞ்சு லாரி ஒன்று நின்றிருந்ததை நீங்கள் அறிவீர்கள்.

பக்கத்து அறையில் காளீஸ்வரன் அழுவது கேட்கிறது. அவனை அனுப்பிவிடுங்கள், ஐயா. அவன் திருகைச் சரியாகத்தான் மூடினான். காலை எடுத்தவன் நான்.

பத்தாம் நாள் பள்ளியில் அவர்கள் இருவருக்கும் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். என்னைத்தான் பேச அழைத்தார்கள். கிணறும் வாளியும் கதையைச் சொன்னேன். கயிறு அறுந்து வாளி உள்ளே விழுந்ததாக முடிவை மட்டும் மாற்றினேன். கடைசி வரிசை வரை எல்லாரும் அழுதுகொண்டே கேட்டார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளில் அப்படி ஒரு வகுப்பு எனக்கு அமைந்ததே இல்லை.