இருபது மாத்திரைகள்

துணிப்பைதான் எடுத்துப்போக வேண்டும், சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஆகவே ஆகாது. நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது என் மனதில் ஓடியது இதுதான். உங்களுக்குப் பின்னால், அலமாரி ஓரத்தில், அப்படி ஒரு நீலப் பெட்டி நிற்கிறது. ஆப்பிரிக்கக் காட்டுக்குள் போகும் சின்ன விமானத்தில் அதை ஏற்ற மாட்டார்கள். நீல நிறமும் கூடாது. அங்கே ஒரு வகை ஈ, நீலத்தையும் கறுப்பையும் தேடி வந்து கடிக்கும். இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டது என் வீட்டுக்காரரைப் பற்றி.

சொல்கிறேன். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். பள்ளிக்கூட அலுவலகத்தில் நேர அட்டவணை போடுவது என் வேலை. நாற்பத்திரண்டு ஆசிரியர்கள், இருபத்தாறு வகுப்புகள், ஒரே ஒரு ஆய்வுக்கூடம். ஒருவரை நகர்த்தினால் ஒன்பது பேர் இடிபடுவார்கள். பதினாறு வருஷமாக யாரும் யாரோடும் இடிக்காமல் போட்டு வருகிறேன்.

ஆப்பிரிக்கப் பயணத்தை முதலில் பேசியது அவர்தான். டிவியில் காட்டுமாடுகள் கூட்டம் கூட்டமாக ஆற்றில் குதித்துக்கொண்டிருந்தன. முதலைகள் காத்துக் கிடந்தன. "சாகறதுக்குள்ள ஒரு தடவை நேர்ல பாத்துரணும்" என்றார். பிறகு சேனலை மாற்றிவிட்டார். நான் மாற்றவில்லை.

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன். ஆற்றைக் கடக்கும் கூட்டத்தைப் பார்க்க ஆகஸ்டில் மாரா புல்வெளி. குட்டி போடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரியில் செரங்கெட்டியின் தெற்குப் பக்கம். அம்போசெலியில் விடியும்போதே வண்டியில் ஏறிவிட வேண்டும். அப்போதுதான் யானைகளுக்குப் பின்னால் பனிமலை தெரியும், வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும். எந்த நாள் எங்கே தங்குவது, எந்தச் சாலை மழையில் சேறாகும், வண்டியில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கண்ணில் வெயில் அடிக்காது, எல்லாம் எழுதினேன். எனக்கு இடது பக்கம், அவருக்கு வலது.

அந்த வருஷம் அவர் தங்கைக்குக் கல்யாணம். அடுத்த வருஷம் பதவி உயர்வு வரும் நேரம், இடத்தை விட்டு நகரக்கூடாது. அப்புறம் முதுகுவலி. அதற்கப்புறம் காரணமே கிடையாது. "அடுத்த வருஷம் பாக்கலாம்" மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் தேதிகளை அழித்துப் புதிதாக எழுதினேன். அழித்து அழித்துத் தாள் ஓட்டையான இடங்களில் பின்னால் வேறு தாள் ஒட்டியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் என்னைக் காட்டி, "சிங்கத்தோட சித்தி, தெரியும்ல?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முதல் நான்கைந்து முறை வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவரோடு படித்த பல் டாக்டர் வீட்டுக்கு வந்தார். "அந்த நோட்டை எடு" என்றார் இவர். எடுத்து வந்தேன். பல் டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"ஏஜென்ட்டெல்லாம் பிச்சை வாங்கணும் தங்கச்சி. நாங்க நாலு பேரும் இதை அப்படியே பிடிச்சிட்டுப் போயிட்டு வந்துருவோம்."

நாலு பேர் யார் என்று எண்ணினேன். நான் அதில் இல்லை.

அவர் போன பிறகு கேட்டேன். "எல்லாம் ஆம்பளைங்க. உனக்கு போரடிக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். நான் நோட்டை மூடி எடுத்துக்கொண்டதும், சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நீதான் எல்லாத்தையும் படிச்சு முடிச்சிட்டியே. போய்ப் பாத்த மாதிரிதானே?" என்றார். சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்தார்.

எனக்கு அப்போது கோபம் வந்ததா என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். வரவில்லை. அட்டவணையில் ஒருவர் பெயரை எடுத்துவிட்டால், அந்த மாற்றம் எங்கெங்கே போய் முட்டும் என்று பார்க்க வேண்டும். அதைத்தான் பார்த்தேன்.

அவருக்குப் பை அடுக்கியது நான்தான். காக்கிச் சட்டைகள், தொப்பி, பைனாகுலர். மலேரியா மாத்திரை தினம் ஒன்று: புறப்படுவதற்கு முன் இரண்டு நாள், அங்கே பதினோரு நாள், திரும்பி வந்து ஏழு நாள். ஏழு அறை வைத்த டப்பா மூன்று வாங்கி, இருபது அறைகளை நிரப்பினேன். கடைசி அறை மட்டும் காலி. அவர் தானாக ஒரு மாத்திரை எடுத்துப் போடத் தெரியாதவர். டப்பாவில் போட்டுக் கொடுத்தால் ஒரு வேளை தவறாது. அந்த விஷயத்தில் தங்கமான மனிதர்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை இளஞ்சிவப்பு, வட்டம். என் ரத்தசோகைக்கு நான் சாப்பிடும் இரும்புச் சத்து மாத்திரையும் இளஞ்சிவப்பு, வட்டம். உடம்புக்கு நல்லது. அவருக்குக் கெடுதலான எதையும் நான் கொடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கொசு கடிக்கலாம், கடிக்காமலும் போகலாம். அது கொசுவின் பாடு. கொசுவுக்குப் பூசும் களிம்பை வைக்க மறந்துவிட்டேன் என்று காலையில் சொன்னேன். அது சரியில்லை. வைக்கவில்லை.

அவர் திரும்பி வந்து படங்கள் காட்டினார். அம்போசெலியில் மலை தெரிந்ததா என்று கேட்டேன்.

"நாங்க எந்திரிக்கவே ஒன்பது ஆயிருச்சு. எல்லாம் மேகம்" என்றார்.

ஒன்பது வருஷம். நோட்டைப் புரட்டி, விடியும்போதே ஏற வேண்டும் என்ற வரியைப் பார்த்தேன். தெளிவாகத்தான் எழுதியிருந்தேன்.

கடைசி நாள் மாத்திரைக்கு டப்பாவைத் திறந்தவர், "ஒண்ணு குறையுதே. டைம்டேபிள் மகாராணி கணக்கே தப்பா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் எண்ணித் தவறியதே இல்லை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது.

தெருமுனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எங்கே போயிருந்தீர்கள், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று சரியாகத்தான் கேட்டார். "ஒண்ணு விடாம சார். இவ டப்பா போட்டுக் குடுத்துட்டா" என்றார் இவர். நடுக்கத்திலும் அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. டாக்டரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "அப்ப சாதாரணக் காய்ச்சலாத்தான் இருக்கும். எதுக்கும் நாளைக்கு ரத்தம் குடுத்துருங்க" என்று ஒரு சீட்டு எழுதினார். அந்தச் சீட்டு நோட்டுக்குள் இருக்கிறது, அம்போசெலி பக்கத்தில்.

மறுநாள் போர்வைக்குள் பல் தந்தியடிக்க, "டெஸ்டுக்குப் போகணும்ல?" என்று கேட்டார்.

"நாளைக்குப் பாக்கலாம்" என்றேன்.

அதற்கு மறுநாளும் கேட்டார். அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவர் கேட்கவில்லை, என்னை யாரென்று தெரியாமல் பார்த்தார். அப்போது ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருந்தார்.

குறைந்த ஒன்று எங்கே போனது என்று காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. பல் டாக்டர் ஒருநாள் தன் மாத்திரையை விடுதியில் விட்டுவிட்டு, இவர் டப்பாவிலிருந்து ஒன்று வாங்கி, தண்ணீர் இல்லாமல் மென்றிருக்கிறார். வாயெல்லாம் இரும்பு வாசனை. அப்போது சிரித்துவிட்டு மறந்தவருக்கு, டெத் சர்டிபிகேட்டில் மலேரியா என்று பார்த்ததும் ஞாபகம் வந்து, நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். பக்கத்து இலைக்காரர் கை நீட்டுவார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். என் வேலையில் அப்படி ஒரு ஓட்டை விடக்கூடாது.

நீங்கள் நல்ல மாதிரிதான் பேசுகிறீர்கள். "கோபத்துல, என்ன செய்றோம்னு தெரியாம செஞ்சிட்டேன்னு ஒரு வரி எழுதிருங்கம்மா. தண்டனையில வருஷம் குறையும்" என்கிறீர்கள். உங்கள் நல்ல மனசு புரிகிறது. மற்றதெல்லாம் நான் சொன்னபடி எழுதி எடுத்து வாருங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் எழுத மாட்டேன், மேடம். நான் போட்ட திட்டங்களில் நடந்து முடிந்தது இது ஒன்றுதான்.