நீலம் குறைந்த தட்டு

காலை 8.40. ஆனையூர் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் முதலில் கண்ணில் பட்டது, ஓர் அம்மாவின் மடியிலிருந்த வாழை இலைக் கட்டு. ஆனையூருக்கு டிக்கெட் வாங்கியிருந்தார். பக்கத்தில், கல்லூரி ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய அக்கா மகள்.

"சித்தி, சித்தப்பா தோலு இன்னும் எங்க லேப்ல உசுரோட இருக்கு."

"என்னடி சொல்ற? நாளைக்கு அவருக்கு வருசத் திதி!"

"ஆபரேசன் அப்ப வெட்டுன தோல ஆராய்ச்சிக்குன்னு அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாருல்ல? அந்தத் துண்டுல இருந்து செல்லு எடுத்து கண்ணாடித் தட்டுல வளத்தோம். வளர வளர அதுக்கும் வயசாகுது. வயசான செல்லு சாயம் போட்டா நீலமாத் தெரியும். போன வாரம் பாத்த தட்டு பூராம் நீலம்."

"அப்புறம்?"

"இன்னொரு தட்டுல அதே செல்லு மேல வெங்காயத் தோல்ல இருந்து எடுத்த சத்து ஊத்துனோம். நேத்து சாயம் போட்டுப் பாத்தா அம்புட்டு நீலம் இல்ல சித்தி."

"வெங்காயமா? சோத்துல கெடந்தாலே பொறுக்கி ஒதுக்குவாரே அந்த மனுசன்!" சிரித்தவர், குரலைத் தாழ்த்தினார். "நானும் அதத் தின்னா வயசு கொறையுமா?"

"தட்டுல நடந்தது ஒடம்புல நடக்குமான்னு இன்னும் தெரியாது."

அவர் இலைக் கட்டைத் தடவினார்.

"அங்கன வளந்துக்கிட்டு இருக்கவருக்கு இங்கன நான் எப்படிடி படையல் போடுவேன்?"

அந்தப் பெண் இலைக் கட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னயப் பாக்க விடுவாகளா?"

"வாங்க. மைக்ராஸ்கோப்புல காட்டுறேன்."

ஆனையூர் வந்தது. கண்டக்டர் இரண்டு முறை குரல் கொடுத்தார். அந்த அம்மா இறங்கவில்லை.